விரிப்பின் பின்புறத்தில் ஒரு வளையம்

இக்கட்டுரையில் நான் சரிபார்த்த செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். மருத்துவ அட்டையில் பதிவானவை, துணியில் என் கண்ணால் கண்டவை, பிறர் சொல்ல நேரில் கேட்டவை ஆகிய மூன்றுக்கும் வெளியே ஒன்றையும் சேர்க்கவில்லை. இதற்குக் காரணம் உண்டு. இந்நோயின் பெயர் காதில் விழுந்த முதல் வாரத்தில் நான் கேட்டவையும் கைப்பேசியில் படித்தவையும் பெரும்பாலும் பொய் எனப் பின்னர் அறிந்தேன். அப்பொய்கள் நோயைவிட அதிகமாக என்னை அச்சுறுத்தின. இதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ ஒரு மருத்துவமனை வாயிலில் நிற்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். அவருடைய அச்சத்தில் என் பங்காக ஒரு பொய்யும் சேரக் கூடாது.

மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாதங்களை மாற்றவில்லை. என் கதையில் மாதங்களே முக்கியம்.

நான் சவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியின் தமிழாசிரியை. வயது நாற்பத்தாறு. கணவர் காவலூர் வானாய்வகத்தில் மின்பணியாளர். மகள் வெளியூரில் படிக்கிறாள். பாடம் நடத்தாத நேரத்தில் என் கைகள் பூத்தையல் செய்யும். தலையணை உறை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, கதவுத்திரை என வீட்டில் புழங்கும் துணிகளில் மட்டுமே தைப்பேன். தெரிந்தவர் வீட்டில் திருமணமோ புதுமனை புகுவிழாவோ வந்தால் என் அன்பளிப்பு இதுவே. முடித்த துணியை எனக்கென்று நான் வைத்துக்கொண்டதில்லை.

இவ்வேலையில் இரு கைகளுக்கும் தனித்தனிப் பணி உண்டு. மர வளையத்தில் இறுக்கிய துணியின் மேலிருந்து வலக்கை ஊசியைச் செலுத்தும். இடக்கை வளையத்தைத் தாங்கும். அதன் மோதிர விரல் துணிக்கு அடியில் காத்திருந்து, ஊசிமுனை தொட்டதும் அதை மேலே திருப்பியனுப்பும். காண முடியாத பக்கத்தில் அவ்விரலே கண். பல்லாண்டு தைத்தவர்களுக்கு அவ்விரல் நுனியில் தோல் காய்த்துத் தடித்திருக்கும். எனக்கும் தடித்திருந்தது. என் பிழை இந்தக் காய்ப்பிலிருந்து தொடங்கியது.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில வேளை ஊசி ஆழமாகக் குத்தி, வெள்ளைத் துணியில் ஒரு துளி இரத்தம் படியும். அது காயுமுன் தன் எச்சிலைத் தொட்டு ஒற்றியெடுத்தால் கறை அகன்றுவிடும். தையல் தெரிந்த பெண்கள் பலரும் அறிந்த வழி இது. ஆசிரியப் பயிற்சி விடுதியில் ஊசி பிடித்த நாள் முதல் நான் இதைச் செய்து வந்திருக்கிறேன். நினைத்துச் செய்வதில்லை. வலித்தால் கை தானாக வாய்க்குப் போகும்.

சென்ற ஆண்டு பங்குனியில், ஒரு சனிக்கிழமை முற்பகல், மேசை விரிப்பு ஒன்றை முடித்து வளையத்தைக் கழற்றினேன். வழக்கம்போல் துணியைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் மூன்று பழுப்புப் புள்ளிகள் இருந்தன. மூன்றும் காய்ந்துவிட்டவை. மோதிர விரலைப் பார்த்தேன். நுனியில் மூன்று துளைகள் இருந்தன. எதுவும் வலிக்கவில்லை. எப்போது குத்தியது என்றே தெரியவில்லை.

கணவர் தேநீர்க் குவளையோடு வந்தார். “இன்னாம்மா, அப்படியே ஒக்காந்துக்கினு கீற?”

“விரல்ல ஊசி குத்தியிருக்குங்க. தெரியவே இல்ல. காய்ப்புதான். இத்தினி வருசம் தச்சா மரக்காதா?”

அவர் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “எனக்குந்தான் கையெல்லாம் காய்ப்பு. கரண்ட் அடிச்சா தெரியாமலா போவுது?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முழங்கைக்குக் கீழே வெளிறியிருந்த ஒரு தேமலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு நான் கந்தகச் சோப்பு போட்டுவந்தேன். அது தோன்றி எத்தனை மாதம் என்று நான் குறித்துவைக்கவில்லை. ஆகவே இங்கே எழுதவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பேருந்தில் மலையிறங்கிச் சமவெளி நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். நடைகூடத்தில் நீண்ட நேரம் காத்திருந்தோம். எதிரே அமர்ந்திருந்த ஒருவருடைய விரல்கள் மடங்கியிருந்தன. அவரைப் பார்க்காமலிருக்க நான் சுவரில் இருந்த அறிவிப்புகளைப் படித்தேன். அவற்றில் இருந்த ஒற்றுப் பிழைகளை எண்ணினேன். அச்சம் வரும்போது நான் அதைத்தான் செய்வேன் என அன்று தெரிந்துகொண்டேன்.

மருத்துவர் என்னைவிட இளையவர். என் காய்ப்பு விளக்கத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மோதிர விரலை விட்டுவிட்டு, அடுத்திருந்த சுண்டு விரலைப் பிடித்தார்.

“இந்த விரல்ல ஊசி படுமா டீச்சர்?”

“படாது.”

“காய்ப்பு இருக்கா?”

“இல்லை.”

“சரி, கண்ண மூடிக்கங்க. நான் தொடுறப்போ ‘ஆமா’ன்னு சொல்லுங்க.”

மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் இன்னும் தொடங்கவில்லை என எண்ணிக் கண்ணைத் திறந்தேன். ஒரு நைலான் இழை என் சுண்டு விரலின்மேல் அழுந்தி வில்லாக வளைந்து நின்றது.

என் கணவர் அதை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். 

மருத்துவர் என் இடமுழங்கையின் உட்புறக் குழியைத் தடவினார். அங்கே ஓடும் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. என் வலக்கை விரலை எடுத்து அதன்மேல் வைத்து, எனக்கே காட்டினார். தோலிலிருந்து சிறு மாதிரி எடுத்தார்கள். தேமல் என நான் நினைத்ததைப் போன்ற திட்டுகள் முதுகில் இன்னும் சில இருந்தன. முதுகை நான் கண்டதில்லை. பெயரை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தொழுநோய் (தோலையும் நரம்பையும் மெதுவாகத் தாக்கும் நுண்கிருமி நோய்).

“பன்னெண்டு மாசம் மாத்திர. தவறாம சாப்ட்டா முழுசாக் குணமாகும். சாப்பிட ஆரமிச்சிட்டா உங்ககிட்டேர்ந்து யாருக்கும் பரவாது. பள்ளிக்கூடம் போலாம், சமைக்கலாம், எல்லாம் பண்ணலாம்.”

“கைக்கு உணர்ச்சி திரும்புமா டாக்டர்?”

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இந்நோய்க்குத் தமிழில் பழைய பெயர்கள் சில உண்டு. அவற்றுக்கு வகுப்பறையில் பொருள் கூறிக் கடந்திருக்கிறேன். அன்று மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றபோது அவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றையும் இங்கே எழுத மாட்டேன். ஒரு சொல்லை அது உணர்த்தும் பொருளுக்காக அஞ்சுவது எப்படி இருக்கும் என்பதை அவ்வரிசையில்தான் கற்றேன்.

மருத்துவர் சொன்ன விடையைக் கூடியவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். கிருமியைக் கொல்வது ஒரு வேலை. நரம்பைக் காப்பது வேறு வேலை. நரம்பு வீங்கி உணர்வு போனது அண்மையில் என்றால், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு உட்பட்டது என்றால், பிரெட்னிசோலோன் (வீக்கத்தை அடக்கும் மருந்து) கொடுத்து நரம்பை மீட்கப் பார்க்கலாம். நெடுநாள் ஆகியிருந்தால் அம்மருந்தால் பெரிதாகப் பயன் இராது. எனக்கோ நீரிழிவு இருந்தது. அம்மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும்.

“பலன் இருக்கும்னா அந்த ரிஸ்க் எடுக்கலாம். இல்லன்னா எதுக்கு உங்க ஒடம்பப் போட்டுப் பாடுபடுத்தணும்? எப்போ மரத்துச்சுன்னு யோசிச்சு சொல்லுங்க. ஒரு வாரம் பாக்கலாம். அதுக்கு மேல தள்ள வேணாம்.”

என்னால் சொல்ல முடியவில்லை. உணர்வு வந்த நாளை ஒருவர் சொல்லலாம். உணர்வு போன நாளை எதைக் கொண்டு சொல்வது? அது போனபோது எதையும் நான் உணரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த மேசை விரிப்பை மீண்டும் எடுத்தேன். மூன்று புள்ளிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று விளங்கிற்று. வலித்திருந்தால் எச்சில் தொட்டிருப்பேன், கறை இராது. கறை நின்றிருக்கிறது என்றால் வலிக்கவில்லை. அப்படியானால் என் விரல் மரத்த காலம் நான் தைத்த துணிகளின் பின்புறத்தில் இருக்கும்.

அதற்கு முந்திய மாதங்களில் இரண்டு அன்பளிப்புகளே முடித்திருந்தேன். ஐப்பசியில், போளூரில் இருக்கும் கணக்காசிரியை மல்லிகாவின் மகன் திருமணத்துக்கு இரண்டு தலையணை உறைகளும் ஒரு விரிப்பும். தையில், எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையலர் செல்வி கட்டிய புது வீட்டுக்கு ஓர் உறை. ஐப்பசித் துணி தூய்மையாக இருந்தால் என் விரல் மரத்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகவில்லை. அதில் கறை இருந்தால், எப்போதிலிருந்து என்று சொல்லவே முடியாது.

துணியைப் பார்க்க வேண்டுமானால் கேட்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு வீடுகளிலும் என் துணியின்மேல் தலை வைத்து உறங்குகிறார்கள். அவர்களிடம் நான் எந்தப் பெயரைச் சொல்வது?

முதலில் செல்வியிடம் பொய் சொன்னேன். அவர் வீடு பள்ளிக்கு மேலே சாமைக் கொல்லையை ஒட்டி இருக்கிறது. புளி உலுக்கும் பருவம். முற்றமெங்கும் புளி காய்ந்தது. அவர் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“மாதிரி வரையணும் செல்வி. அந்த உறையக் கொஞ்சம் குடு.”

“இன்னா டீச்சரு, நீங்க தச்சதுக்கு நீங்களே மாதிரி பாக்கணுமா?” என்றார். ஆனாலும் எழுந்து போய் உருவிக்கொண்டு வந்தார்.

உள்ளே திருப்பினேன். நான் தைத்திருந்த கிளியின் கழுத்துக்குக் கீழே ஐந்து புள்ளிகள் இருந்தன.

செல்வி எட்டிப் பார்த்தார். “ஐய, புளிக் கற. என் கைதான். நாளிக்கி தொவச்சிடறேன்.”

நான் கூர்ந்து பார்த்தேன். கறை நூலுக்கு அடியில் இருந்தது. அதன்மேல் பச்சை நூல் ஓடியிருந்தது. ஆகவே அது தைத்து முடிவதற்கு முன்னரே விழுந்த கறை. நான் குத்திக்கொண்டு, அறியாமல், மேலும் தைத்துப் போயிருக்கிறேன். ஐந்து முறை. “ஆமாம், புளிதான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மலைச்சரிவில் இறங்கி வரும்போது, ஒவ்வோர் அடியிலும் தரை தெரிகிறதா எனப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

மறுநாள் போளூர் சென்றேன். மல்லிகா என்னுடன் எட்டு ஆண்டு பணியாற்றி, மாறுதல் பெற்றுக் கீழே போனவர். என்னைத் ‘தமிழம்மா’ என்றே அழைப்பார்.

“வா தமிழம்மா! உன் தலகாணி ஒறையால இந்த வூட்ல ஒரே சிரிப்பு போ. ‘நற்றுயில்’னு தச்சிருந்தியா, மருமவ கேக்கறா, நற்றுயில்னா யாரு அத்த, உங்க சின்ன மாமியாரான்னு. குட் நைட்னு போட்டுத் தொலச்சா இன்னா?”

வேறொரு நாளாக இருந்தால் அதற்கு அரை மணி நேரம் விடை சொல்லியிருப்பேன். “உறைகளப் பாக்கணும் அக்கா” என்றேன்.

கட்டிலிலிருந்து எடுத்துத் தந்தார். இரண்டும் பால்போல் வெண்மையாக இருந்தன. பின்புறத்தில் ஒன்றுமில்லை. மூச்சு வந்தது. அதற்குள் அவரே சொன்னார்: “வாரத்துக்கு ஒரு தபா பிளீச்சிங் பவுடர்ல ஊற வச்சிடுவேன். வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும்.”

வெளுத்த துணி எதற்கும் சான்றாகாது. கறை இல்லையா, இருந்து போனதா என அது சொல்லாது.

“விரிப்பு எங்க அக்கா?”

“அதா? பீரோல பத்திரமா கீது. கவரே பிரிக்கல. விரிச்சா கசங்கிடும்ல?”

நான் தைத்துக் கொடுத்ததை விரிக்காமல் பூட்டிவைப்பவர்கள்மேல் எனக்கு என்றும் மனத்தாங்கல் உண்டு. அன்று அவ்வழக்கத்தைக் கைகூப்பி வணங்கத் தோன்றியது. “அதப் பாக்கணும்” என்றேன்.

“இன்னா உனக்கு இன்னிக்கி? குடுத்தத திருப்பி வாங்கிக்கப் போறியா?”

மாதிரி வரைய வேண்டும் என்ற பொய் நாவின் நுனி வரை வந்தது. மல்லிகா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிர விரலில் கட்டுப் போட்டிருந்தேன். பொய்யைச் சொல்லிவிட்டுத் துணியில் கறையும் கண்டால், எழுந்து நடக்க எனக்கு வலிமை இராது என்று தோன்றியது. நோயின் பெயரைச் சொன்னேன். கணவரைத் தவிர வேறொருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் முறை. எதற்காக விரிப்பைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

 மல்லிகாவின் பார்வை ஒரு முறை தம் கையிலிருந்த உறைகளுக்குப் போய்த் திரும்பியது. உள்ளே போனார். அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. கவர் பிரிக்காத விரிப்போடு வந்தார். அதை என் கையில் தரவில்லை. எனக்கு அருகிலிருந்த நாற்காலியின்மேல் வைத்துவிட்டுச் சற்று விலகி நின்றார்.

அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

விரிப்பின் இரு மூலைகளில் இரண்டு கிளிகள். முதற்கிளியின் பின்புறத்தை இழை இழையாகப் பார்த்தேன். கறை இல்லை. இரண்டாம் கிளியின் வால் பகுதிக்கு வந்தேன். அங்கே ஒரு குறி இருந்தது. 

சன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். பழுப்பு நிறம் இல்லை. மிளகளவில் மங்கலான ஒரு வளையம். புதுத் துணியின் கஞ்சிப் பசை நனைந்து காய்ந்த தடம். நடுவில் துணி வெண்மையாகவே இருந்தது.

அது எச்சில் பட்ட இடம். ஐப்பசியில் அந்த இடத்தில் ஊசி என்னைக் குத்தியிருக்கிறது. எனக்கு வலித்திருக்கிறது. கை வாய்க்குப் போயிருக்கிறது.

“அக்கா, வலிச்சிருக்கு. பாருங்க, அப்போ எனக்கு வலிச்சிருக்கு” என்றேன். மல்லிகா கிட்ட வந்து குனிந்து பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் விரிப்பைத் தொடவில்லை.

அதை மடித்து நாற்காலியிலேயே வைத்தேன். வளையம் தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் அப்படத்தையும் மேசை விரிப்பையும் மருத்துவரிடம் காட்டினேன். செல்வி வீட்டு உறையில் கண்டதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இந்த மாதிரி ஆதாரம் எந்த நோயாளியும் கொண்டாந்ததில்ல. இதுக்கு அட்டைல கட்டமே இல்ல” என்றார். பின் அட்டையின் ஓரத்தில், ‘உணர்விழப்பு: ஐந்து மாதத்துக்குட்பட்டது, நோயாளி கூற்று’ என எழுதினார். கூற்று என்ற சொல்லை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் பார்த்தது படத்தைத்தான். அந்த வளையத்தின் பொருள் என் கூற்றே.

பிரெட்னிசோலோன் அன்றே தொடங்கியது. ஒரே மாதத்தில் முகம் உப்பியது. சர்க்கரை ஏறியது. இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றேன். தொழுநோய் மாத்திரைகளில் ஒன்று தோலைக் கறுக்கச் செய்யும். மாதம் ஒருமுறை உண்ணும் ஒன்று சிறுநீரைச் சிவக்கச் செய்யும். இவற்றை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இருந்தும் முதல் முறை கண்டபோது கழிவறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கும் இவை நேர்ந்தால் அஞ்ச வேண்டாம். அஞ்சினாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேளுங்கள், என்னைப் போல் கைப்பேசியைக் கேட்காதீர்கள்.

கணவரையும் மகளையும் பரிசோதித்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. தடுப்பாக ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள். நெருங்கிப் பழகுகிறவர்களையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்போது செல்வியிடம் சொன்ன பொய்யைத் திருத்த வேண்டியதாயிற்று.

சமையற்கூடத்தில் அவர் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார். முழுவதும் சொல்லி முடித்தேன். அவர் மத்தை நிறுத்தவில்லை.

“மாத்திர துன்றீங்களா?”

“சாப்பிடுறேன்.”

“அப்புறம் இன்னா?”

“அந்த உறைல என் ரத்தம் பட்டிருக்கு செல்வி. துணியால ஒட்டாதுன்னுதான் டாக்டர் சொல்றாங்க. ஆனாலும் திருப்பிக் குடுத்துடு. வேற தச்சுத் தர்றேன்.”

செல்வி மத்தைக் கீழே வைத்தார். “தை மாசத்துலேர்ந்து அதுமேலதான் படுக்கறேன். உங்க கிட்டேர்ந்து ஒட்டறதா இருந்தா மொதல்ல தமிழு இல்ல ஒட்டியிருக்கணும்? எனக்கு இன்னும் என் பேரே எழுத வர்ல.” தம் சிரிப்பைத் தாமே அடக்கிக்கொண்டார். “ஆனா டீச்சரு, புளின்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம். மூணு தபா தொவச்சேன்.”

அவர் பரிசோதனைக்கு வந்தார். ஒன்றுமில்லை. உறையைத் திருப்பித் தரவில்லை.

மாதந்தோறும் கண்ணை மூடிக்கொண்டு நைலான் இழைக்குக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பைப் போல் அச்சம் தருவது வேறொன்றும் இல்லை. இருட்டில் ‘ஆமா’ என்று சொல்ல ஆசை எழும். தொடாதபோதே சொல்லிவிடுவேனோ எனப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். நான்காம் மாதத்தில் மோதிர விரலில் ஒருமுறை ‘ஆமா’ என்றேன். சரியாக அப்போது இழை தொட்டிருந்தது. ஆறாம் மாதத்தில், பிரெட்னிசோலோனை நிறுத்தும்போது, மோதிர விரல் அதைவிட மெல்லிய அடுத்த இழையையும் உணர்ந்தது. சுண்டு விரலில் மாற்றமில்லை. இவை அட்டையில் உள்ளவை.

பன்னிரண்டு மாத மாத்திரைகளும் சென்ற மாதம் முடிந்தன. கிருமியைப் பொறுத்தவரை நான் நலமடைந்துவிட்டேன் என எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முகம் பழையபடி ஆகிவிட்டது. கறுத்த தோல் மெல்லத்தான் வெளுக்கும் என்கிறார்கள்.

ஆனால் என் உடலோடு நான் பழகும் முறை மாறிவிட்டது. முன்பு உடல் தன் செய்தியைத் தானே வந்து சொல்லும். இப்போது நான் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் மாலையில் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, காயம் உண்டா, சூடு பட்டிருக்கிறதா எனக் கண்ணால் தேடுகிறேன். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குமுன் இடக்கையைப் பார்க்கிறேன். காலமும் அப்படியே ஆகிவிட்டது. நடந்து முடிந்த ஒன்று எனக்குப் பிறகுதான் தெரியவருமோ என்ற ஐயத்தோடு ஒவ்வொரு நாளையும் திருப்பிப் பார்க்கிறேன்.

தையலை விட மனம் வரவில்லை. இடக்கையை அடியில் வைக்கக் கூடாது என மருத்துவர் சொல்லியிருந்தார். கணவர் மேசைமேல் வளையத்தை நிறுத்த ஒரு தாங்கி செய்து, அதன் அடியில் சவரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துவைத்தார்.

“நாங்க கண்ணாடி வச்சி மேல வானத்தப் பாக்கறோம். நீ கண்ணாடி வச்சி கீழ துணியப் பாரு. ஏதாச்சும் புதுசா தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லு.”

இப்போது பின்புறத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி தைக்கிறேன். ஓர் உறை தைக்கிறேன். முதன்முறையாக எங்கள் வீட்டுத் தலையணைக்கு.

சென்ற வாரம் ஒரு முற்பகலில் நூல் சிக்கியது. அதை விடுவிக்க என்னையறியாமல் இடக்கையை அடியில் கொடுத்தேன். ஊசிமுனை இறங்கிச் சுண்டு விரலைத் தொடுவதைக் கண்ணாடியில் கண்டேன். அதே கணத்தில் ஒரு சுரீர். கையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டேன். துணியில் ஒரு சிவப்புத் துளி இருந்தது. எச்சில் தொட்டு ஒற்றினேன். கறை போயிற்று.

அன்றிலிருந்து எனக்குப் புதியதோர் அச்சம். அது நம்பிக்கையாக இருக்குமோ என்ற அச்சம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி குத்திப் பார்க்க ஆசை வந்தது. மருத்துவர் அதைக் கண்டிப்பாகத் தடுத்திருக்கிறார். செய்யவில்லை. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

எனக்குத் தெரியாதவற்றை இனிச் சொல்கிறேன். இந்நோய் யாரிடமிருந்து, எந்த ஆண்டில் எனக்கு வந்தது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்கிறார்கள். ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் எந்த நாள் என் விரலிலிருந்து உணர்வு போயிற்று என்பது தெரியாது. மல்லிகாவின் அலமாரியில் அந்த விரிப்பு இன்னும் இருக்கிறதா என்பது தெரியாது. அவர் தொலைபேசியில் நலம் விசாரிக்கிறார். நான் விரிப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

சென்ற வாரம் வலித்தது விரலா, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணா என்பதும் தெரியாது. உறையின் பின்புறத்தில் மிளகளவு வளையம் ஒன்று இருக்கிறது. அது மட்டும் உறுதி. அந்த உறையை நான் இன்னும் துவைக்கவில்லை.